மருந்து தேடுவதும் தவக்குல்தான்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

 

பள்ளியில் முதல் ஸஃப்பில் நாம் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சில மாதங்களாக வரவில்லை. விசாரித்தபோது மருத்துவமனையில் இருக்கிறார் என்றார்கள். சர்க்கரை நோயாளி. காலில் சின்னதாக ஒரு புண். எட்டு மாதம் வெளியே சொல்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. நலம் விசாரிக்கப் போனேன். ஏன் இவ்வளவு நாள் காட்டாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "அல்லாஹ் கொடுத்த நோய், அல்லாஹ்வே எடுத்துருவான்னு தவக்குல் வச்சு இருந்துட்டேன் ஹஜரத்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. தவக்குல் என்பது ஈமானின் உயர்ந்த படித்தரம். ஆனால் அதன் பெயரால் ஒரு முஃமின் தன் பாதத்தை இழந்திருக்கிறார். அப்படியானால் தவக்குலை நாம் சரியாகப் புரிந்திருக்கிறோமா? நமக்கு முன் வாழ்ந்த நல்லோர்கள் நோய் வந்தபோது என்ன செய்தார்கள்? ஊசியும் ஸ்கேனும் இல்லாத காலம் அது. இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பள்ளிவாசலில் ஒரு மருத்துவக் கூடாரம்

கிராமத்து அரபிகள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார்கள். தாராளமாகச் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள். முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் வைக்கவில்லை என்றும் கற்றுக் கொடுத்தார்கள். உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்கள் இதை அறிவிக்கிறார்கள்.

சொன்னதோடு நபியவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, செய்தும் காட்டினார்கள். ஹிஜ்ரி 5இல் நடந்த அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அவரை எங்கே தங்க வைத்தார்கள் தெரியுமா? மஸ்ஜிதுந் நபவியில் கூடாரம் போட்டு அதில் தங்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்து நலம் விசாரிக்க வசதியாக இருக்கும் என்பதற்காக. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து வந்தவர் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி. காலையும் மாலையும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நபியவர்கள் ஸஅதின் நிலையை விசாரிப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது அல்லாஹ்வின் தூதர். அவர்களின் துஆவைவிட உயர்ந்த துஆ உலகில் இல்லை. அப்படி இருந்தும் காயத்துக்கு மருந்திட ஆள் வைத்தார்கள். பிறகு அந்தக் காயத்தாலேயே ஸஅத் (ரலி) ஷஹீதானார்கள். மருந்து செய்வது நம் கடமை, ஷிஃபா தருவது அல்லாஹ்வின் கையில் என்ற இரண்டு பாடமும் அந்த ஒரே கூடாரத்தில் இருக்கின்றன.

ஸர்ஃ என்ற இடத்தில் எடுத்த முடிவு

அடுத்து ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். ஸர்ஃ என்ற இடத்தை அடைந்தபோது படைத்தளபதிகள் எதிரே வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவிவிட்டது என்று தகவல் சொன்னார்கள். பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் வரலாற்றில் குறிக்கப்படும் தாஊன் அது.

உமர் (ரலி) அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள்; அவர்களிடையே கருத்து வேறுபாடு. அன்ஸாரிகளிடம் கேட்டார்கள், அங்கேயும் வேறுபாடு. குறைஷிகளில் மூத்தவர்களிடம் கேட்டார்கள். மக்களை அந்த நோய்க்குள் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். விடிந்ததும் திரும்பிச் செல்வதாக உமர் (ரலி) அறிவித்தார்கள்.

அப்போது அபூஉபைதா (ரலி) ஒரு கேள்வி கேட்டார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டா ஓடுகிறீர்கள்? கேட்டவர் சாதாரணமானவர் அல்ல, சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். உமர் (ரலி) சொன்ன பதிலின் கருத்து இதுதான்: ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம். உங்கள் ஒட்டகங்களை ஒரு பள்ளத்தாக்குக்கு ஓட்டிப்போகிறீர்கள். அதில் ஒரு பக்கம் பசுமை, மறுபக்கம் வறட்சி. பசுமையில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான், வறட்சியில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படிதான்.

சகோதரர்களே, அந்தப் பெரியவருக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதில் அடங்கியிருக்கிறது. காலில் புண் வந்தது விதி என்றால், தெருமுனையில் டாக்டர் இருப்பதும் விதிதான். ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றொன்றை ஏன் தள்ளிவிட வேண்டும்?

பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து, நபியவர்களிடமிருந்து தாம் கேட்டதை எடுத்துச் சொன்னார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகக்கூடாது. நாம் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்குப் பயந்து வெளியேறவும் கூடாது என்பது அந்தப் போதனை. தம் முடிவு நபிமொழியோடு ஒத்துப்போனதற்காக உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தக் கொள்ளைநோயில் அபூஉபைதா (ரலி) வஃபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்புக்கு வந்த அம்ர் பின் ஆஸ் (ரலி), கூட்டமாக இருக்காதீர்கள், மலைகளுக்குப் பிரிந்து போய்விடுங்கள் என்று மக்களுக்குக் கட்டளையிட்டார்கள். மக்கள் பிரிந்து போனார்கள். அல்லாஹ் அந்த நோயை அகற்றினான். இந்தச் செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியபோது அவர்கள் அதை வெறுக்கவில்லை.

தெரியாததைச் செய்யாதே

இனி பாக்தாதுக்கு வருவோம். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் காலம். ஒரு மருத்துவரின் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கலீஃபாவுக்குப் போனது. ஸினான் பின் ஸாபித் என்ற தலைமை மருத்துவர் தேர்வு வைத்துச் சான்று கொடுக்காமல் இனி யாரும் வைத்தியம் செய்யக்கூடாது என்று கலீஃபா உத்தரவிட்டார். பாக்தாதின் இரு கரைகளிலும் சேர்த்து 860க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

அதில் ஒரு சுவையான சம்பவம் சொல்லப்படுகிறது. நல்ல உடையணிந்த, கண்ணியமான தோற்றமுள்ள ஒரு முதியவர் வந்தார். ஸினான் மரியாதையோடு உட்கார வைத்து, யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். முதியவர் ஒரு பொட்டலம் தங்கக் காசை எடுத்து முன்னால் வைத்தார். எனக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளைகுட்டிக்காரன், பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். ஸினான் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். தெரியாத நோய்க்குக் கை வைக்கக்கூடாது. இரத்தம் எடுப்பது, பேதிமருந்து கொடுப்பது போன்றவற்றைச் சின்ன நோய்களுக்கு மேல் செய்யக்கூடாது. நான் காலமெல்லாம் தேன்காடியும் சர்பத்தும் தவிர எதுவும் கொடுத்ததில்லை என்றார் பெரியவர். மறுநாள் ஓர் இளைஞர் தேர்வுக்கு வந்தார். யாரிடம் படித்தாய் என்று கேட்டால், என் தந்தையிடம் என்றார். உன் தந்தை யார் என்றால், நேற்று வந்தாரே அந்தப் பெரியவர்தான்! அவருடைய வழியிலேயே போ, அதைத் தாண்டாதே என்று சொல்லி அனுப்பினார் ஸினான்.

சிரிக்கிறோம். ஆனால் அந்த முதியவர் நம்மில் பலரைவிட மேல். தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் கைவைத்தியத்தை முன்பின் விசாரிக்காமல் நூறு பேருக்கு அனுப்புகிறோம். இதைக் குடித்தால் கேன்சர் போய்விடும், அந்த மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்கிறோம். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? மருத்துவம் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், ஏற்படும் இழப்புக்கு அவரே பொறுப்பு என்பது நபியவர்களின் வழிகாட்டல். அனுப்புகிற விரலுக்கும் கேள்வி உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் தெரிந்துகொள்ள எவ்வளவு உழைத்தார்கள்! பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்து விளக்கி அதற்கென்றே தனி நூல் எழுதினார் அபூபக்ர் அர்ராஸீ. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதினார் இப்னு நஃபீஸ். இவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹ் அறிந்த ஆலிமும்கூட. மார்க்கக் கல்வியும் மருத்துவக் கல்வியும் ஒரே நெஞ்சில் இருந்தன.

கெய்ரோவில் ஒரு நேர்ச்சை

இப்னு நஃபீஸ் தம் வீட்டையும் நூல்களையும் எங்கே கொடுத்துவிட்டுப் போனார் என்று பார்த்தால், கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கு. அந்த மருத்துவமனை எழுந்த கதையைக் கேளுங்கள்.

கலாவூன் என்ற தளபதி படையெடுப்பின்போது டமாஸ்கஸில் கடுமையான வயிற்றுவலியில் விழுந்தார். அங்கே நூருத்தீன் ஸங்கீ 1154இல் நிறுவிய மருத்துவமனை இருந்தது. பீமாரிஸ்தான் என்பார்கள், பாரசீகச் சொல். நோயாளிகளின் இடம் என்று பொருள். அங்கிருந்து வந்த மருந்தால் குணமடைந்தார். நேரில் போய்ப் பார்த்து வியந்தார். அல்லாஹ் எனக்கு ஆட்சியைக் கொடுத்தால் இப்படி ஒன்றைக் கட்டுவேன் என்று நேர்ச்சை செய்தார். ஆட்சி கிடைத்தது. 1284இல் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டில் கட்டி முடித்தார்.

அரசனுக்கும் அடிமைக்கும், பெரியவருக்கும் சிறியவருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இதை வக்ஃப் செய்கிறேன் என்று அறிவித்தார். காய்ச்சலுக்கு ஒரு பகுதி, கண்நோய்க்கு ஒரு பகுதி, காயங்களுக்கு ஒரு பகுதி, வயிற்றுப்போக்குக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. செலவுக்கு நிலங்களும் கட்டடங்களும் வக்ஃப் செய்யப்பட்டன. நோயாளியிடம் கட்டணம் இல்லை. ஒருவர் பாத்திரத்தில் இன்னொருவருக்கு உணவு கொடுக்கக்கூடாது, உணவை மூடிவைத்துக் கொண்டுபோக வேண்டும், வெயில் காலத்தில் விசிற ஓலை விசிறி வேண்டும் என்று வக்ஃப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். இறந்துபோனால் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கும் செலவும் அந்த வக்ஃபிலிருந்தே.

இன்னொன்றும் அதில் இருந்தது. வீட்டில் படுத்துக் கிடக்கும் ஏழை நோயாளிக்குத் தேவையான மருந்தும் உணவும் வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

உண்மையைச் சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தை அவசரமாகக் கட்டியபோது தெருவில் போனவர்களையும் பிடித்துக் கல் சுமக்க வைத்தார்கள் என்று மக்ரீஸீ எழுதுகிறார். அதனால் பேணுதலுள்ள பலர் அந்த வளாகத்தில் தொழுவதையே தவிர்த்தார்கள். எவ்வளவு பெரிய நற்செயலாக இருந்தாலும் அடுத்தவன் உரிமையைப் பறித்துச் செய்தால் அதில் கறை படிந்துவிடும். ஸதகா கொடுக்கிறவர்கள் தம் வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்துவிட்டுக் கொடுக்கக்கூடாது.

மகள்களை இழந்த ஆலிம்

இவ்வளவு இருந்தும் அந்தக் காலத்து மருத்துவம் தோற்றுப்போன இடங்களும் உண்டு. தாஊன் என்ற பிளேக் நோய் அதில் முதலாவது. அதன் கிருமி 1894இல்தான் கண்டறியப்பட்டது. இடைக்காலத்தில் எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக அது பரவுகிறது என்று யாருக்கும் தெரியாது. சரியான மருந்தும் இல்லை.

புகாரீ ஹதீஸ் தொகுப்புக்கு மாபெரும் விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய வீட்டுக்குள்ளும் அந்தத் தாஊன் நுழைந்தது. ஹிஜ்ரி 819இல் ஃபாத்திமா, ஆலியா என்ற இரண்டு மகள்களை இழந்தார்கள். 833இல், கி.பி. 1430, மூத்த மகள் ஸைன் காத்தூன் வயிற்றில் பிள்ளையோடு வஃபாத்தானார். தாஊனைப் பற்றி அவர்கள் ஒரு தனி நூல் எழுதினார்கள். மூன்று மகள்களைக் கப்ரில் வைத்த ஒரு தந்தை எழுதிய நூல் அது.

அந்த 833ஆம் ஆண்டில் கெய்ரோவில் தாங்கள் கண்டதை அதில் பதிவு செய்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு நாள் மரணம் நாற்பதுக்கும் குறைவு. மூன்று நாள் நோன்பு வைக்கும்படி அறிவிப்புச் செய்து, மழைத் தொழுகைக்குப் போவதுபோல் மக்கள் பாலைவெளியில் பெருங்கூட்டமாகக் கூடி துஆ செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாள் மரணம் ஆயிரத்தைத் தாண்டியது. முன்னோர்களான ஸஹாபாக்கள் காலத்தில் தாஊன் வந்தபோது இப்படிக் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று இப்னு ஹஜர் (ரஹ்) எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதை யாரும் தவறாக விளங்க வேண்டாம். துஆ பயன் தராது என்று அந்த இமாம் சொல்லவில்லை. துஆவின் பெயரால் நபிவழியைத் தாண்டிப் போகாதே என்றார்கள். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள், மக்களையும் திருப்பினார்கள். அம்ர் (ரலி) மக்களைப் பிரித்தார்கள். தாஊனில் பொறுமையோடு இறந்த முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டு என்று நபியவர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்து, அதற்கு மேலும் நடந்துவிட்டால், மனதைத் தேற்றிக்கொள்ள அது நமக்கு அல்லாஹ் தந்த வாசல். செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கான சாக்கு அல்ல.

அந்தப் பெரியவர் இரண்டாவது முறை சொன்னது

சகோதரர்களே, மருத்துவமனையில் இருந்த பெரியவரை இரண்டாவது முறை பார்க்கப் போனேன். உமர் (ரலி) அவர்களின் ஒட்டகப் பள்ளத்தாக்கைச் சொல்லிக் கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். "தவக்குல்னு சொன்னது பொய் ஹஜரத். மக கல்யாணக் கடன் இன்னும் முடியல. டாக்டர்ட்ட போனா எவ்வளவு ஆகுமோன்னு பயம். ஜமாஅத்துல போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார்.

நான் அவருக்குப் பயான் செய்யப் போயிருந்தேன். உண்மையில் பயான் தேவைப்பட்டது எனக்கும் நம் ஜமாஅத்துக்கும்தான். எட்டு மாதம் நம் பக்கத்தில் நின்று தொழுதவர். ஸஜ்தாவிலிருந்து எழும்போது காலை ஊன்ற முடியாமல் தடுமாறியதை நாம் பார்த்திருக்கிறோம். யாரும் கேட்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியில் நோயாளிக்குக் கூடாரம் இருந்தது. நம் மஸ்ஜிதில் அவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

ஆகவே மூன்று விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உடம்பு அல்லாஹ் கொடுத்த அமானிதம். ஆறாத புண், மார்பில் கட்டி, நிற்காத இருமல், மங்கும் பார்வை எதுவாக இருந்தாலும் இந்த வாரமே காட்டுங்கள். தாய்மார்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். பிள்ளைகளே, உங்கள் உம்மாவிடம் இன்று கேளுங்கள்.

இரண்டாவது, தெரிந்தவரிடம் போங்கள். தெரியாததைச் சொல்லாதீர்கள். அந்தப் பாக்தாத் முதியவரின் அடக்கமாவது நமக்கு இருக்கட்டும்.

மூன்றாவது, கேட்டு வருபவருக்குக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கேட்க வெட்கப்படுபவரின் வீட்டுக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வக்ஃப் பத்திரத்தில் எழுதினார்கள். அந்த சுல்தானின் கஜானா நமக்கு இல்லை. ஆனால் ஒரு மஹல்லாவில் யார் படுத்திருக்கிறார், யாருக்கு மாதா மாதம் மாத்திரை வேண்டும் என்று தெரிந்துகொள்ள கஜானா தேவையில்லை. பைத்துல்மாலில் நோயாளிகளுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கலாம். பெயரை வெளியே சொல்லாமல், ஃபோட்டோ எடுக்காமல், மருந்துக் கடைக்கே நேரடியாகப் பணம் கட்டிவிடலாம். தொழுகைக்கு வழக்கமாக வருபவர் மூன்று நாள் வரவில்லை என்றால் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். போனால் நீண்ட நேரம் உட்காராதீர்கள், பயமுறுத்தும் கதைகளைச் சொல்லாதீர்கள். துஆ செய்துவிட்டு, மருந்துச் சீட்டு கிழிக்கப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் மெதுவாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! நோயை மறைத்துக்கொண்டிருப்பவர்களின் அச்சத்தைப் போக்குவாயாக! மருத்துவர்களின் கைகளில் பரக்கத் செய்வாயாக! பக்கத்தில் இருப்பவரின் வலியைக் காணும் கண்களை எங்களுக்குத் தருவாயாக! நோயில் மரணித்தவர்களுக்கு ஷஹீதுகளின் கூலியை வழங்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.